ஒரு பழைய சேலையில் வாசல் திரையும் யன்னல் திரையும்

கூரையும் சுவரும் முடிந்த பின்னரும், உள்ளறைகளுக்குக் கதவு போடச் சில காலம் எடுக்கலாம். அதுவரை உடை மாற்றவும் பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் ஒரு மறைவு தேவை. ஒரு பழைய பருத்திச் சேலை அந்த மறைவையும் வீட்டுக்கு ஓர் அழகையும் தரும்.

வெட்டுவதற்கு முன்

சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நைந்த இடங்களில் அடையாளம் இட்டு, அவற்றை விட்டு வெட்டுங்கள். ஒருவரின் நினைவாக வைத்திருக்கும் சேலையானால், வீட்டில் உள்ளவர்களைக் கேட்காமல் வெட்டவேண்டாம். படுக்கை விரிப்பிலும் திரை தைக்கலாம்.

அளவுகள்

6 யார் சேலை 216 அங்குல நீளமும் ஏறக்குறைய 45 அங்குல அகலமும் உடையது.

1. வாசல் திரை: நிலையின் உயரத்துடன் 4 அங்குலம் கூட்டுங்கள். 80 அங்குல நிலைக்கு 84 அங்குலம். முந்தானைப் பக்கத்திலிருந்து வெட்டினால் அதன் வேலைப்பாடு திரையின் அடியில் வரும். மேற்பக்கத்தை 3 அங்குலம் மடித்துத் தைத்து, அதனுள் கம்பி அல்லது தடியைச் செலுத்துங்கள். திரை நிலத்தில் முட்டினால் அடியை மடித்துத் தையுங்கள்.

2. யன்னல் திரை: 3 அடி யன்னலுக்கு 27 அங்குலத்தில் இரண்டு துண்டுகள். சேலையின் அகலமே திரையின் உயரம். கரை அடியில் அழகாக நிற்கும். வெட்டிய ஓரங்களை இருமுறை மடித்துத் தையுங்கள்.

3. குசன் உறை: 16 அங்குலக் குசனின் முன்பக்கத்துக்கு 17 அங்குலச் சதுரம் ஒன்று, பின்பக்கத்துக்கு 17க்கு 12 அங்குலத்தில் இரண்டு. பின்துண்டுகளின் ஒவ்வொரு நீள ஓரத்தை மடித்துத் தைத்து, அந்த ஓரங்கள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று வரும்படி வையுங்கள். நல்ல பக்கங்கள் உள்ளே இருக்க, சுற்றிவரத் தைத்துப் புரட்டுங்கள். சிப் தேவையில்லை. மீதித் துணியில் இரண்டு உறைகள் வரும்.

தையல் இயந்திரம் இல்லாவிட்டால்

கையால் பின்தையல் போடுங்கள், எளிதில் பிரியாது. அயலவரின் இயந்திரத்தை இரவல் பெறுவதானால், வெட்டி, மடித்து, குண்டூசி குத்தி எடுத்துச் செல்லுங்கள். வேலை விரைவில் முடியும்.

கவனம்

குப்பி விளக்கு, மெழுகுதிரி, அடுப்பு ஆகியவற்றுக்கு அருகில் திரை தொங்கவிட வேண்டாம். காற்றில் துணி எவ்வளவு தூரம் பறக்கிறது என்று பார்த்து, அதற்கும் அப்பால் விளக்கை வையுங்கள். நைலோன் சேலை எரியும்போது உருகி உடலில் ஒட்டும். எனவே பருத்தியையே தெரிவுசெய்யுங்கள். கதவு போட்ட பின்னர், இதே திரையைக் கழுவி அலுமாரிக்கோ தட்டுக்கோ மறைப்பாக மாற்றிக்கொள்ளலாம்.