மைக் மாட்டியாச்சு... குரல் ஏன் சரியாகப் பதிவாகவில்லை?

"லேப்டாப்பிலேயே மைக் இருக்கிறதே, தனியாக ஒன்று எதற்கு?" என்று கேட்பவர்கள் பலர். நானும் அப்படிக் கேட்டவன்தான். பிறகு ஒரு காலர் மைக் வாங்கினேன். வாங்கிய பிறகும் ஒரு நாள் வீணானது. அந்தக் கதையைச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள மேல்சித்தாமூர்தான் என் பெரியப்பாவின் ஊர். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர். பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வயது 81. சீவக சிந்தாமணியைத் தன் அப்பாவிடம் கேட்ட ராகத்திலேயே படிப்பார். உ.வே.சா. அந்தக் காவியத்தை 1887ல் அச்சிட்டார். புத்தகம் இன்று எங்கும் கிடைக்கிறது. ராகம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பேரப் பிள்ளைகளுக்காகப் பதிவு செய்து வைக்கலாம் என்று லேப்டாப்போடு போனேன்.

40 நிமிடம் படித்தார். போட்டுக் கேட்டால் லேப்டாப் ஃபேனின் இரைச்சல்தான் முன்னால் நிற்கிறது. "என்னடா, கிணத்துக்குள்ள உக்காந்து படிச்ச மாதிரி இருக்கு?" என்றார். மறுபடி படிக்கச் சொல்ல முடியவில்லை. தொண்டை கட்டிவிட்டது.

என்ன நடந்தது? சட்டையில் மைக் இருந்தது; பதிவானதோ லேப்டாப்பின் உள் மைக் வழியாக. தப்பு என்னுடையதுதான்.

முதலில் பிளக்கைப் பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் பின்பக்கம் ரோஸ் நிறத் துளை மைக்குக்கு, பச்சை ஸ்பீக்கருக்கு. குழப்பம் இல்லை. இப்போதைய லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டிற்கும் சேர்த்து ஒரே துளைதான். மைக் பிளக்கின் உலோகப் பகுதியில் உள்ள வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் இருந்தால் அது மொபைல் போனுக்கு உரிய வகை. லேப்டாப்பின் ஒற்றைத் துளையிலும் பொதுவாக வேலை செய்யும். இரண்டே வளையம் என்றால் கேமராவுக்கும் டெஸ்க்டாப்புக்கும் உரியது. ஒற்றைத் துளையில் செருகினால் லேப்டாப் அதை ஹெட்போன் என்று நினைத்துக் கொள்ளும். மைக்கிற்கும் ஹெட்போனுக்கும் தனித்தனியாகப் பிரிக்கும் ஒய் வடிவக் கேபிள் கடைகளில் கிடைக்கும். அதை வாங்கி இடையில் இணைத்திடவும். யுஎஸ்பி மைக் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. புதிதாக வாங்கப் போகிறவர்கள் அதையே வாங்குங்கள் என்பது என் யோசனை.

கல்யாண மைக்செட்டில் இருந்து தடித்த பிளக் உள்ள மைக்கை எடுத்து வந்து, அடாப்டர் போட்டு மாட்டுபவர்களும் உண்டு. வேண்டாம். அது தரும் சிக்னல் மிகச் சிறியது. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் கம்ப்யூட்டரில் குரல் ஈனமாகத்தான் கேட்கும்.

அடுத்து விண்டோஸ். விண்டோஸ் 11ல் டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் உள்ள ஸ்பீக்கர் ஐகானில் ரைட் கிளிக் செய்து, சவுண்ட் செட்டிங்ஸ் தேர்ந்தெடுக்கவும். இன்புட் என்ற பகுதியில் உங்கள் மைக்கைத் தேர்வு செய்திடவும். எதுவுமே பதிவாகவில்லை என்றால் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, பிறகு மைக்ரோபோன் என்று சென்று அனுமதி ஆன் செய்யப்பட்டுள்ளதா எனப் பார்க்கவும்.

இது வரை நானும் சரியாகத்தான் செய்திருந்தேன். கவிழ்த்தது மூன்றாவது இடம். பதிவுக்கு நான் பயன்படுத்தியது ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராம். எந்த மைக் என்பதை அது தனக்கென்று தனியாக வைத்துக் கொள்ளும். புரோகிராமைத் திறக்கும்போது என்னென்ன மைக் இருக்கிறதோ அவைதான் அதன் பட்டியலில் வரும். நான் புரோகிராமைத் திறந்துவிட்டு, பிறகு மைக்கைச் செருகினேன். பட்டியலில் அது வரவே இல்லை. எனவே மைக்கை முதலில் செருகுங்கள். புரோகிராமை அப்புறம் திறங்கள். திறந்துவிட்டால் ஆடியோ செட்டப் மெனுவில் ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ் என்பதைக் கிளிக் செய்திடவும். பிறகு ரெக்கார்டிங் டிவைஸ் எது என்று பார்த்துத் தேர்வு செய்திடவும்.

சரியாக இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டு வெளி மைக்கை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பிறகு லேப்டாப்பின் உடலைச் சுரண்டுங்கள். எதைச் சுரண்டும்போது அலை பெரிதாக எழுகிறதோ அதுதான் வேலை செய்யும் மைக். பத்து விநாடி வேலை. நான் செய்யவில்லை.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுக் கீழே இருக்கட்டும். சார்ஜரை மாட்டியதும் 'உம்ம்' என்ற சத்தம் வந்தால் அதைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்யுங்கள். அளவு காட்டும் பட்டை சிவப்பைத் தொடக் கூடாது. தொட்டால் குரல் உடைந்துவிடும், பிறகு சரி செய்ய முடியாது. முடிந்ததும் வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து வைக்கவும். மோனோவில் நிமிடத்திற்கு சுமார் 5 எம்பி இடம் பிடிக்கும். அனுப்புவதற்கு வேண்டுமானால் எம்பி3 ஆக இன்னொரு காப்பி எடுத்துக் கொள்ளலாம்.

மறுநாள் காலை, வெந்நீர் குடித்துவிட்டு பெரியப்பா மீண்டும் உட்கார்ந்தார். நான் முதலில் சுரண்டிப் பார்த்தேன். அன்று 22 பாடல்கள் முடிந்தன. "மொத்தம் 3145 இருக்குடா, மீதிக்கு எப்ப வர்றே?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு போகிறேன்.