கைப்பைக்குள் ரிவால்வர்: உரிமம் கிடைத்தால் போதுமா?

புது தில்லி: தில்லியில் 2012 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு ஓடும் பேருந்தில் இயன்முறை மருத்துவ மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. பெண்களின் பாதுகாப்பு குறித்து நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் விவாதித்தன. குற்றவியல் சட்டங்கள் திருத்தப்பட்டன. அதன் பிறகு, 2014 ஜனவரியில், கான்பூரில் உள்ள அரசு படைக்கலத் தொழிற்சாலை தன் பங்குக்கு ஒரு தீர்வை முன்வைத்தது. பெண்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட அந்தச் சிறிய ரிவால்வரின் பெயர் 'நிர்பீக்'. அச்சமற்றவர் என்பது அதன் பொருள்.

டைட்டானியம் உலோகக் கலவையால் ஆன இந்த .32 போர் ரிவால்வரின் எடை சுமார் 500 கிராம். ஆறு தோட்டாக்கள் கொள்ளும். நகைப் பெட்டியைப் போன்ற சிவப்புநிறப் பெட்டியில் வைத்து விற்கப்பட்டது. வரிகள் உள்பட விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். எந்தப் பெண்களின் பாதுகாப்புக்காக நாடு கொதித்ததோ, இரவு நேரத்தில் பேருந்துக்காகக் காத்திருக்கும் அந்தப் பெண்களில் எத்தனை பேரால் இந்த விலையைக் கொடுக்க முடியும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. மணிப்பூரில் துப்பாக்கி வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்காகப் பணியாற்றும் பினாலக்ஷ்மி நேப்ராம், இது உயிரிழந்த மாணவியின் நினைவை அவமதிக்கும் செயல் என்று கண்டித்தார்.

எனினும், சிறிய ரிவால்வருக்கான சந்தை ஓயவில்லை. மேற்கு வங்கத்தின் ஈசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை சுமார் 250 கிராம் எடையில் 'நிடர்' என்ற .22 ரிவால்வரைத் தயாரித்தது. படைக்கல வாரியம் 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பின், கான்பூர் நிறுவனம் 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற .32 ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. எடை சுமார் 700 கிராம். 50 மீட்டர் வரை குறி எட்டும் என்பது தயாரிப்பாளரின் கூற்று.

இவற்றில் ஒன்றை முதல்முறையாக வாங்க விரும்பும் குடிமகன் கடக்க வேண்டிய பாதை எளிதன்று.

உரிமம் எனும் முதல் வாயில்

படைக்கலச் சட்டம் 1959-இன்படி, 21 வயது நிரம்பியவர்களே உரிமம் கோர முடியும். தில்லியில் காவல்துறையின் உரிமப் பிரிவும், அடுத்துள்ள உத்தரப் பிரதேசத்தில் மாவட்ட ஆட்சியரும் உரிமம் வழங்குகின்றனர். விண்ணப்பதாரருக்கு உயிர் அச்சுறுத்தல் உள்ளதா, அவர் மீது வழக்குகள் உள்ளனவா என்று காவல்துறை விசாரித்து அறிக்கை அளிக்கும். 2016-ஆம் ஆண்டு விதிகள் உடல், மன நலத்துக்கான மருத்துவச் சான்றையும், ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும், வீட்டில் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழியையும் கோருகின்றன. உரிமம் பெறும் ஒவ்வொருவருக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் உண்டு.

தெரிவு செய்வதற்கும் அதிகம் இல்லை. 9 மி.மீ. போன்ற ராணுவ, காவல்துறை ரகங்கள் தடை செய்யப்பட்டவை; பொதுமக்களுக்குப் பெரும்பாலும் .32, .22 ரகங்களே. 1980-களின் நடுவில் தனியார் இறக்குமதி நிறுத்தப்பட்டதால், அதற்கு முன் வந்த வெளிநாட்டு ரிவால்வர்கள் கைமாறும்போது பல லட்சம் ரூபாய் விலை பெறுகின்றன. சுங்கத்துறை பறிமுதல் செய்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளை வாங்கும் சலுகை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் நெடுங்காலம் இருந்தது.

ரிவால்வர் வாங்கியதோடு செலவு முடிவதில்லை. உடலோடு பொருந்தி, விசையை முழுமையாக மூடும் உறை வேண்டும். வீட்டில் குழந்தைகளின் கைக்கு எட்டாத பூட்டிய இரும்புப் பெட்டி வேண்டும். துடைப்புக் கோலும் எண்ணெயும் வேண்டும். எடை குறைந்த சிறிய ரிவால்வர் சுடும்போது கையில் அதிகம் உதைக்கும். குட்டைக் குழல் குறி தவறுவதற்கு இடம் கொடுக்கும். எனவே இடைவிடாத பயிற்சி தேவை. ஆனால், ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பதை உரிமமே வரையறுக்கிறது. சுடுதளங்களும் பெருநகரங்களைத் தாண்டினால் அரிது. பலருடைய ரிவால்வர், வாங்கிய நாள் முதல் அலமாரியிலேயே கிடப்பதற்கு இதுவும் காரணம்.

எல்லை தாண்டினால் குற்றம்

அன்றாடம் உடன் கொண்டு செல்ல நினைப்பவருக்கு அடுத்த சிக்கல், உரிமம் செல்லுபடியாகும் எல்லை. தில்லிக்கு மட்டுமான உரிமத்துடன் ஒருவர் யமுனையைக் கடந்து நொய்டாவுக்கோ, மாநில எல்லை தாண்டி குருகிராமுக்கோ ஆயுதத்துடன் செல்ல முடியாது. நாடு முழுவதும் செல்லத்தக்க உரிமத்தில் முன்னுரிமை அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், படையினர், அகில இந்தியப் பணி அதிகாரிகள், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கே. பொது இடத்தில் ரிவால்வர் உறைக்குள், முழுமையாக மறைக்கப்பட்டு இருக்க வேண்டும்; எடுத்துக் காட்டுவதே விதிமீறல். நீதிமன்றம், நாடாளுமன்ற வளாகம், விமானப் பயணிகள் அறை என்று அதற்கு இடமில்லாத இடங்களும் பல. தேர்தல் அறிவிக்கப்பட்டால், உரிமம் பெற்ற ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் நடைமுறையும் உண்டு.

மக்களவையில் மல்லுக்கட்டு

ஒருவர் எத்தனை ஆயுதம் வைத்திருக்கலாம் என்பது 2019-இல் நாடாளுமன்றத்தின் முன் வந்தது. மூன்றாக இருந்த உச்சவரம்பை ஒன்றாகக் குறைக்க அரசின் மசோதா முதலில் முனைந்தது. பரம்பரைத் துப்பாக்கிகளைக் குடும்பப் பெருமையாகக் கருதும் வட மாநிலங்களிலிருந்து எதிர்ப்பு எழவே, வரம்பு இரண்டாக உயர்த்தப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி மக்களவையும், மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தன. உரிமக் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக நீட்டிக்கப்பட்டது. திருமண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம் என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது.

எதிர்ப்பு வடக்கிலிருந்து வந்ததன் காரணத்தை உள்துறை அமைச்சகத்தின் கணக்கே சொல்லும். 2016 இறுதியில் நாட்டில் இருந்த உரிமங்கள் 33.69 லட்சம். இவற்றில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழகத்தின் பங்கு சுமார் 22 ஆயிரமே. சென்னை வாசகருக்கு வியப்பளிக்கும் ரிவால்வர் ஆசை, லக்னௌவிலும் லூதியாணாவிலும் அந்தஸ்தின் அடையாளம்.

இந்த வழக்குக்கு வரலாற்று வேர்களும் உண்டு. லிட்டன் பிரபு காலத்து 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியரை நிராயுதபாணிகளாக்கியது. 1930-இல் காந்தியடிகள் அரசுக்கு முன்வைத்த 11 கோரிக்கைகளில், தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் மக்கள் கட்டுப்பாட்டின் கீழ் வழங்கப்பட வேண்டும் என்பதும் ஒன்று. ஆனால், ஆயுதம் ஏந்துவது இந்தியாவில் அடிப்படை உரிமையன்று. அமெரிக்க அரசியல் சாசனத்தைப் போன்ற உரிமை இங்கு யாருக்கும் இல்லை என்பதை 2023-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் நினைவூட்டியது.

யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு?

உரிமம் பெற்ற ஆயுதம் நல்லோர் கையில் இருக்கும் என்ற நம்பிக்கையைத் தலைநகரின் வழக்குகளே அசைத்துள்ளன. 1995 ஜூலையில் இளைஞர் காங்கிரஸ் பிரமுகர் சுசீல் சர்மா, தன் மனைவி நைனா சாஹ்னியைச் சுட்டுக் கொன்றது உரிமம் பெற்ற ரிவால்வரால்தான். 1999 ஏப்ரலில் ஜெசிகா லாலின் உயிரைப் பறித்த மனு சர்மாவின் .22 கைத்துப்பாக்கிக்கும் உரிமம் இருந்தது. இருவருமே அரசியல் செல்வாக்கின் நிழலில் இருந்தவர்கள். நைனாவின் வழக்கில், தற்காப்புக்கென வாங்கப்பட்ட ஆயுதம் வீட்டுப் பெண்ணின் மீதே திரும்பியது. வீட்டில் துப்பாக்கி இருப்பது அங்கு கொலை நிகழும் வாய்ப்பு சுமார் 2.7 மடங்கு அதிகமாவதுடன் தொடர்புடையது என்று 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றும் கூறியது. அந்நாட்டுச் சூழல் வேறு என்றாலும், எச்சரிக்கை நமக்கும் பொருந்தும்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை ஏற்கின்றன. ஆனால், தேவைக்கு மேல் தீங்கு விளைவிக்க அவை இடம் தரவில்லை. விசையை அழுத்திய ஒரு நொடிக்கு ஆண்டுக் கணக்கில் நீதிமன்றத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

உண்மையான அச்சுறுத்தலுக்கு உள்ளான ஒருவருக்கு உரிமத்தை மறுப்பது நியாயமாகாது. அவர் பயிற்சியும் பொறுப்பும் உள்ளவராக இருந்தால் சட்டம் வழிவிடவே செய்கிறது. ஆனால், தெருவிளக்கு, இரவுப் பேருந்து, உடனே புகாரைப் பதிவு செய்யும் காவல் நிலையம் ஆகியவற்றுக்கு மாற்றாக அரசுத் தொழிற்சாலை ஒரு ரிவால்வரை நீட்டுமானால், பாதுகாப்பு என்பது 1.22 லட்சம் ரூபாய் உள்ளவர்களுக்கான பண்டமாகிவிடும். குடிமகன் ஏன் ஆயுதம் தேடுகிறான் என்ற கேள்விக்கு, உச்சவரம்பு குறித்து வாதிட்ட அவைகள் இன்னமும் விடை சொல்லவில்லை.