நாலு எட்டு நடங்க

“அலுங்காம படுத்திருங்க.” இதயம் பலவீனப்பட்டவரிடம் ஒரு காலத்தில் மருத்துவர் சொன்னதும் இதுதான், வீட்டார் சொன்னதும் இதுதான். கட்டிலைக் கூடத்தில் கொண்டுவந்து போட்டார்கள். சாப்பாடு தட்டோடு கட்டிலுக்கே வந்தது. கொல்லைப்பக்கம் போக எழுந்தால்கூட யாராவது ஓடிவந்து கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்கள். அத்தனையும் பாசம். இளைத்த மாட்டை வண்டியில் பூட்டக் கூடாது என்ற நியாயமும் அதில் இருந்தது.

மருத்துவமும் அப்படித்தான் நம்பியது. 1960களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ஜார்ஜ் பர்ச் என்ற இதய மருத்துவர், இதயத்தசை நோய் கண்டவர்களை மாதக்கணக்கில் படுக்கையில் வைத்தே சிகிச்சை செய்தார். இதயம் பலவீனப்பட்டு ரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாமல் போகும் இதயச் செயலிழப்புக்கு ஓய்வே மருந்து என்ற எண்ணம் 1980கள் வரை நீடித்தது.

அந்த நம்பிக்கையின் ஓரம் அதற்கு முன்பே பிரியத் தொடங்கியிருந்தது. 1952இல் பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்டு லோனும் மாரடைப்பு வந்த 81 பேரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பலர் பயந்தார்கள், பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. 1966இல் டல்லஸில், இருபது வயது ஆரோக்கிய இளைஞர்கள் ஐந்து பேர் மூன்று வாரம் படுத்தே கிடந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மறுபடி சோதித்தபோது ஓர் உண்மை தெரிந்தது: முப்பது வருட முதுமை அவர்களின் உடல்திறனை அரித்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாக அரித்திருந்தது.

இதயச் செயலிழப்பில் இன்னொரு புதிரும் இருந்தது. ‘பம்பிங் 25’ என்று, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் 25 சதவீதத்தையே வெளியே தள்ளுகிறது என்று, எக்கோ அறிக்கை வாங்கியவர் படியேறிவிடுவார். 35 உள்ளவருக்கு வாசல்வரை போனாலே மூச்சு வாங்கும். களைப்பின் காரணம் முழுவதும் இதயத்தில் இல்லை. ரத்த ஓட்டம் குறைந்து, நடமாட்டமும் நின்றுபோனால் காலின் தசைகள் மெலிகின்றன. வருகிற ஆக்சிஜனையும் அவற்றால் சரியாகப் பயன்படுத்த முடிவதில்லை. 1990இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆண்ட்ரூ கோட்ஸ் குழுவினர் 11 நோயாளிகளை எட்டு வாரம் வீட்டிலேயே சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். அவர்களின் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது, மூச்சிரைப்பு தணிந்தது.

பிறகு வந்தது பெரிய சோதனை. எச்.எஃப்-ஆக்‌ஷன் என்ற அந்த ஆய்வில் 2,331 பேர் சேர்ந்தார்கள்; எல்லாருக்கும் பம்பிங் 35 அல்லது அதற்கும் கீழே. 2009இல் முடிவு வெளியானது. மரணம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் பயிற்சி ஆபத்தில்லை என்பது உறுதியானது. வாழ்க்கைத் தரமும் மேம்பட்டது. மருத்துவமனையில் மீண்டும் சேரும் தேவை குறைவதைப் பிற்காலத் தொகுப்பாய்வுகள் காட்டின.

இன்று மருத்துவமனைகளின் இதயப் புனர்வாழ்வுப் பிரிவில், முதலில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளக்கிறார்கள். பிறகு நடை, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள், லேசான எடை. பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகம்தான் அளவு. இடையிடையே நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினாலோ, கால் வீங்கினாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோய் ஓரளவு கட்டுக்குள் வந்து, மருத்துவர் சரி என்ற பிறகே இதெல்லாம்.

நம் பக்கம் இந்நோய் சீக்கிரமே வருகிறது. திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் 2013இல் சேர்ந்தவர்களின் சராசரி வயது 61தான். ஆனாலும் பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளைத் தாண்டினால் இத்தகைய பயிற்சிப் பிரிவுகள் அரிது. அதனால் வீட்டில் செய்யும் பயிற்சிதான் பலருக்குக் கைக்கெட்டும் வழி. அங்கேதான் பழைய பாசம் குறுக்கே நிற்கிறது. மருத்துவர் நடக்கச் சொல்கிறார். மகள் “நீங்க உட்காருங்கப்பா, நான் எடுத்துட்டு வரேன்” என்கிறாள்.

அந்தப் பாசம் குறைய வேண்டியதில்லை, கொஞ்சம் இடம் மாறினால் போதும். சாயங்காலம் அவரோடு தெருமுனைவரை நாலு எட்டு நடக்கலாம். தட்டைக் கட்டிலுக்கு எடுத்துப்போகாமல், “வாங்கப்பா, இங்க வந்து சாப்பிடுங்க” என்று அடுப்படியிலிருந்து கூப்பிடலாம். அதுவும் சிகிச்சைதான்.