நிலம் வாங்க ஒரு இன்டெக்ஸ், விற்க இன்னொன்று

ஆந்திர எல்லையோரத்திலுள்ள பிச்சாட்டூர் பக்கம் ஒரு மனையோ கொல்லையோ கைமாறப் போகிறது என்றால், விலை பேசுவதற்கு முன்பே எழும் கேள்வி: "ஈசி போட்டுப் பார்த்தாச்சா?" வில்லங்கச் சான்றைத்தான் அப்படிச் சொல்கிறோம். அந்தச் சான்றில் அச்சாகி வருவது பத்திரம் அல்ல. பத்திரங்களைக் கண்டுபிடிப்பதற்காகச் சார்பதிவாளர் அலுவலகம் வைத்திருக்கும் இன்டெக்ஸில் தேடிக் கிடைத்த வரிகள் மட்டுமே. இது தெரியாமல் ஈசியை முழு உண்மை என்று நம்பிப் பணம் கொடுப்பவர்கள் நிறைய பேர்.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இதை விரிவாகவே சொல்கிறது. நிலம், வீடு தொடர்பான கிரயம், அடமானம், தானம், பாகப் பிரிவினை எல்லாம் முதலாம் புத்தகத்தில் ஏறும். அதற்கு இரண்டு இன்டெக்ஸ். ஒன்றில் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்கள் இருக்கும். இரண்டாவதில் சொத்தின் விவரம்: ஊர், சர்வே எண், மற்ற அடையாளங்கள். பத்திரம் நகலேறியதும் கூடியவரை உடனே இன்டெக்ஸிலும் பதிய வேண்டும் என்பது 54-ஆம் பிரிவு. கட்டணம் செலுத்தினால் இவ்விரண்டையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

உயில் அப்படியல்ல. அது மூன்றாம் புத்தகத்தில் ஏறும், இன்டெக்ஸும் தனி. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள். அதனால் பதிவான உயில் ஒன்று இருந்தாலும் சாதாரண ஈசியில் அது தலைகாட்டாது. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் எங்கும் பதிவாகாமல் இருந்தால், அதுவும் தெரியாது.

எல்லையோர ஊர்களில் பெயரை வைத்துத் தேடுவது இன்னும் சிக்கல். தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். தமிழ்க் குடும்பங்களில் அப்பாவின் முதலெழுத்து. இன்றைய தெலுங்கு எழுத்தில் 'ழ' கிடையாது. எழிலரசி என்ற பெயர் அங்கே 'ள'வாகவும் மாறலாம், 'ல'வாகவும் மாறலாம். அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது இன்னொரு வடிவம் பிறக்கும். அந்தப் பெயரில் ஒன்றுமே வரவில்லை என்றால் நிலத்தின் மேல் ஒன்றும் இல்லை என்று பொருளாகாது. இந்தப் பக்கத்து வீடுகளில் தமிழில் எழுதிய தாய்ப் பத்திரங்கள் இன்னும் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்து மாறக்கூடிய எல்லா வடிவத்திலும் தேடச் சொல்ல வேண்டும்.

ஆகவே சர்வே எண்ணை வைத்துத் தேடுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. அதிலும் கவனம் வேண்டும். 112/2 என்ற நிலம் பிற்பாடு 112/2ஏ, 112/2பி என்று உட்பிரிவாகியிருந்தால், பழைய அடமானம் பழைய எண்ணிலேயே கிடக்கும். இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். ஆந்திர வருவாய்த் துறைக் கணக்கிலும் இதே இரட்டை வழி உண்டு: அடங்கல் சர்வே எண் வரிசையில் போகும், ஒன்-பி பட்டாதாரரின் கணக்கு வாரியாகப் போகும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

காலமும் ஒரு எல்லை. ஒருங்கிணைந்த ஆந்திராவில் பதிவு அலுவலகங்களைக் கணினிமயமாக்கிய 'கார்டு' திட்டம் 1998-இல் தொடங்கியது. இன்று இணையத்தில் ஈசி தேடினால் 1983 முதலான பதிவுகள்தான் கிடைக்கும். அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனு கொடுத்து, கையால் எழுதிய இன்டெக்ஸைப் புரட்டச் சொல்ல வேண்டும். எந்த அலுவலகம் என்பதிலும் சந்தேகம் வரலாம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள் சில ஆந்திராவுக்கு வந்தன. 2022 ஏப்ரலில் பிச்சாட்டூர் சித்தூரிலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. எல்லை மாறிய ஊர் என்றால், பத்திரம் பதிவான அந்நாளில் அது எந்த அலுவலகத்துக்கு உட்பட்டிருந்ததோ, அங்கேயும் தேட வேண்டும்.

விற்கும்போது வருவது வேறு இன்டெக்ஸ்: விலைவாசிக் குறியீட்டெண். நூறு நாள் வேலைக் கூலியை ஆண்டுதோறும் திருத்தியதும், அரசு ஊழியரின் அகவிலைப்படியை உயர்த்துவதும் இப்படிப்பட்ட எண்களைப் பார்த்துத்தான். வருமான வரியில், பழைய வாங்கு விலையை இன்றைய பண மதிப்புக்கு ஏற்றிக் காட்டுவதை இன்டெக்ஸேஷன் என்கிறார்கள். 2001-02-ஐ 100 என்று வைத்தால் 2025-26-க்கு 376. 2001-02-இல் ஒரு லட்சத்துக்கு வாங்கிய மனையின் அடக்கவிலை 3,76,000 ரூபாய் ஆகிறது.

2024 ஜூலை 23 பட்ஜெட் இந்த இன்டெக்ஸேஷனை எடுத்துவிட்டு, விற்ற லாபத்துக்கு 12.5 சதவீத வரி என்றது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம், கட்டிடத்துக்கு மட்டும் இரண்டில் குறைவான வரியைக் கட்டும் வழி கிடைத்தது: இன்டெக்ஸேஷனோடு 20 சதவீதம், அல்லது அது இல்லாமல் 12.5. மேலே சொன்ன மனை 2025-26-இல் ஆறு லட்சத்துக்குப் போனால் முதல் வழியில் வரி 44,800, இரண்டாவதில் 62,500. பன்னிரண்டு லட்சத்துக்குப் போனால் முதல் வழியில் 1,64,800, இரண்டாவதில் 1,37,500. (செஸ் தனி.) விலை மெல்ல ஏறிய கிராமத்து மனைக்குப் பழைய முறைதான் காப்பு. அதை அடியோடு எடுத்திருந்தால் பெரிய அடி விழுந்திருக்கும்.

இந்தச் சலுகை இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும்தான். வெளிநாட்டிலேயே தங்கிவிட்ட பிள்ளையின் பேரில் மனை இருந்தால் 12.5 சதவீதம்தான். நகராட்சி எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பாலுள்ள கிராமப்புற விவசாய நிலத்துக்கு இந்த வரியே கிடையாது. 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய மனைக்கு, 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய அரசு மதிப்பைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்புக்கு மறுபடியும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். போகும்போது சர்வே எண்ணையும் பழைய உட்பிரிவு எண்ணையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.