“கூட்டணுமா, கழிக்கணுமா?” – வாக்கியக் கணக்கில் நம் பிள்ளைகள் திணறுவது எங்கே?

“ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் கேப்டனின் வயது என்ன?”

1980 வாக்கில் பிரான்ஸ் நாட்டின் கிரெனோபிள் நகரில், கணிதக் கல்வி ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்தார்கள். 76 பேர் கேள்வியில் இருந்த எண்களை எப்படியோ சேர்த்து ஒரு வயதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். ஆட்டுக்கும் கேப்டன் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கவில்லை.

சிரிப்பு வரலாம். ஆனால் நம் வீட்டில் ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளை கணக்கை ஒரு முறை படித்துவிட்டு, “அத்தா, இது கூட்டணுமா, கழிக்கணுமா?” என்று கேட்கிறதே, அதுவும் இதே பழக்கம்தான். கணக்கில் உள்ள கதை மனதில் ஏறவில்லை, எண்கள் மட்டும் ஏறியிருக்கின்றன. “பெருக்கு” என்று நாம் சொல்லிவிட்டால் அன்றைய வீட்டுப்பாடம் முடிந்துவிடும். மறுநாள் மறுபடியும் அதே கேள்வி வரும்.

ஆஸ்திரேலியாவின் ஆன் நியூமன் என்ற கல்வியாளர், கணக்கில் பின்தங்கிய ஆறாம் வகுப்பு மாணவர்களின் தவறுகளை ஆராய்ந்து 1977ல் வெளியிட்டார். ஏறக்குறைய பாதித் தவறுகள் கணக்குப் போடத் தொடங்கும் முன்பே நிகழ்ந்திருந்தன: வாக்கியத்தைப் படிப்பதில், புரிந்துகொள்வதில், அதைக் கணக்காக மாற்றுவதில். வாய்ப்பாட்டை நூறு முறை ஒப்பிக்கச் சொன்னாலும் இந்தப் பாதி குறையாது.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘வீதம்’, ‘தலா’, ‘முறையே’, ‘எனில்’ ஆகிய சொற்களை நாம் வீட்டில் பேசுவதில்லை. “இருவரின் வயது முறையே 12, 15” என்றால் யாருக்கு எந்த வயது என்பதே பல பிள்ளைகளுக்குப் பிடிபடாது. ஆங்கிலவழிப் பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினம்.

இதற்கு மருந்தாகச் சில இடங்களில் ‘மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு’ என்று அட்டவணை போட்டுக் கொடுக்கிறார்கள். என் பார்வையில் இது உதவியைவிட உபத்திரவமே அதிகம் தரும். இதைப் பாருங்கள்: “ஃபாத்திமாவிடம் 45 ரூபாய் இருக்கிறது. இது ஆயிஷாவிடம் உள்ளதைவிட 12 ரூபாய் அதிகம். ஆயிஷாவிடம் எவ்வளவு?” அட்டவணையை நம்பும் பிள்ளை 57 என்று எழுதும். சரியான விடை 33.

சரி, என்னதான் செய்வது? நம் ஊர்ப்பக்கக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

“ஒரு வியாபாரி சதுரங்கப்பட்டினத்தில் கிலோ 160 ரூபாய் வீதம் 25 கிலோ மீன் வாங்கினார். திருக்கழுக்குன்றம் கொண்டுவர ஆட்டோ வாடகை 350 ரூபாய். 3 கிலோ கெட்டுப்போனது. மீதியைக் கிலோ 220 ரூபாய்க்கு விற்றார் எனில், அவருடைய லாபம் எவ்வளவு?”

முதலில் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, கதையை வீட்டுப் பேச்சில் சொல்லட்டும்: “ஒருத்தர் மீன் வாங்குறார், ஆட்டோல கொண்டுவரார், கொஞ்சம் கெட்டுப்போகுது, மிச்சத்தை விக்கிறார்.” எண்களே வேண்டாம். கதை வந்துவிட்டால், “என்ன கேட்கிறார்கள்?” என்று கேளுங்கள். லாபம். “லாபம்னா என்ன?” கையிலிருந்து போன காசுக்கு மேல் வந்த காசு. இந்த ஒரு வரியைப் பிள்ளையே சொல்லிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

அடுத்து, தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ‘போனது’, வலப்பக்கம் ‘வந்தது’. ஆட்டோ வாடகை எந்தப் பக்கம்? கெட்டுப்போன மீன் எந்தப் பக்கம்? இந்த இரண்டாவது கேள்வியில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். உடனே விடையைச் சொல்லிவிடாமல் சற்றுப் பொறுங்கள். அந்த 3 கிலோவுக்கும் காசு கொடுத்தாகிவிட்டது, ஆகவே செலவு 25 கிலோவுக்கு. விற்றது 22 கிலோ மட்டும்.

போட்டுப் பார்ப்பதற்கு முன் ஓர் உத்தேசம். கிலோவுக்கு 60 ரூபாய் கிடைக்கிறது, 25 கிலோவும் விற்றிருந்தால் 1,500. வாடகையும் நஷ்டமும் இருப்பதால் லாபம் அதற்குக் கீழேதான் வர வேண்டும்.

இப்போது போடட்டும். போனது 4,000 + 350 = 4,350. வந்தது 22 × 220 = 4,840. லாபம் 490 ரூபாய்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று வேறு வழியில் போகலாம்: 1,500ல் வாடகை 350 போக 1,150, கெட்டுப்போன மீனின் விலை 3 × 160 = 480 போக 670. தவறு என்று அடிக்காதீர்கள், எங்கே பிசகியது என்று தேடச் சொல்லுங்கள். 1,150 என்னும்போது அந்த 3 கிலோவும் 220 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொண்டோம். எனவே கழிக்க வேண்டியது 3 × 220 = 660. இப்போது அதே 490 வரும். இந்தத் தேடலில் கிடைக்கும் பாடம், பத்துக் கணக்கைச் சரியாகப் போட்டாலும் கிடைக்காது.

கடைசியாக, விடையோடு கதைக்குத் திரும்ப வேண்டும். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு 130 மாணவர்கள் சுற்றுலா போகிறார்கள். ஒரு வேனில் 18 பேர் என்றால் எத்தனை வேன் வேண்டும்? வகுத்தால் ஈவு 7, மீதி 4. வேன் 8 வேண்டும், நான்கு பிள்ளைகளை ரோட்டில் விட்டுவிட முடியாது! அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் நடந்த தேசிய மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களுக்கு இதே மாதிரிக் கேள்வி: 1,128 ராணுவ வீரர்கள், ஒரு பஸ்ஸில் 36 பேர், எத்தனை பஸ்? ஏறக்குறைய 70 சதவீதம் பேர் சரியாக வகுத்தார்கள். ஆனால் 32 பஸ் என்று எழுதியவர்கள் நால்வரில் ஒருவருக்கும் குறைவு. பலர் ‘31, மீதி 12’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்ற இந்த வரிசையை 1945ல் தம் நூலில் எழுதிப் பிரபலப்படுத்தியவர் ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜார்ஜ் போலியா.

அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளை உள்ளவர்கள் என்.எம்.எம்.எஸ். தேர்வையும் மனதில் வையுங்கள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதில் கணிதமும் மனத்திறன் கேள்விகளும் உண்டு. கேள்வியை நிதானமாகப் படிக்கும் பழக்கத்தை ஆறாம் வகுப்பிலேயே தொடங்கலாம். பள்ளி, மக்தப், ட்யூஷன் என்று ஓடும் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு கணக்கு போதும், பதினைந்து நிமிடம்.

கணக்குக்குப் புத்தகத்தைத்தான் தேட வேண்டும் என்பதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்ஜீப்ரா நூலை எழுதிய அல்குவாரிஸ்மி, அதன் பெரும்பகுதியை வாரிசுரிமை, மரண சாசனக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். x, y போன்ற குறியீடுகள் கிடையாது, எல்லாமே வாக்கியங்கள். கணவர், ஒரு மகன், மூன்று மகள்களை விட்டுவிட்டு ஒரு பெண் இறந்துபோவதும் அவர் எடுத்துக்கொண்ட கணக்குகளில் ஒன்று. அதில் ஒரு மரண சாசனமும் உண்டு. அதை விட்டுவிட்டு எளிமையாக்கி, கடன் போக 4,00,000 ரூபாய் இருக்கிறது, வேறு வாரிசு இல்லை என்று வைத்துக்கொண்டு இன்றிரவு பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்.

கணவருக்கு நாலில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகள்களுக்குத் தலா ஒரு பங்கு. ஒரு நீளப்பட்டை வரைந்து நாலாகப் பிரித்தால் கணவரின் 1,00,000 கண்ணுக்குத் தெரியும். மீதி 3,00,000 ஐந்து கட்டங்கள், ஒரு கட்டம் 60,000. மகனுக்கு 1,20,000, ஒவ்வொரு மகளுக்கும் 60,000. எல்லாவற்றையும் கூட்டி 4,00,000 வருகிறதா என்று பார்ப்பது பிள்ளையின் வேலை.