லேப்டாப் ஊர் சுத்தும், லாகின் மாறக் கூடாது

புதுச்சேரியிலேர்ந்து இன்னொரு எபிசோட்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர் பக்கத்துல கரையைக் கடந்த நாள். நான் சென்னையில மாட்டிக்கிட்டேன். லேப்டாப் லாஸ்பேட்டை வீட்ல. திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய ஃபைல் எல்லாம் அதுக்குள்ள. கரண்ட் போச்சு, கூடவே வைஃபையும். அம்மாவுக்கு போன் பண்ணி ஹாட்ஸ்பாட் போடச் சொன்னேன். "நெட் வந்துடுச்சுடா"ன்னாங்க. எனக்கு லாகின் ஆகல. பேட்டரி தீர்ற வரைக்கும் போராடினேன், ஒரு ஃபைல்கூட வரல.

தப்பு எங்க? வீட்டு ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் பண்ணி, அந்த ஐபி முகவரியை நம்பி எஸ்எஸ்எச் வெச்சிருந்தேன். ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினதும் அந்த வழி அடைபட்டுப் போச்சு. மொபைல் நெட்ல பெரும்பாலும் பல பேர் ஒரே பொது ஐபியைப் பகிர்ந்துக்குறாங்க. உள்ளேயிருந்து வெளிய போகலாம்; வெளியிலேர்ந்து நேரா உள்ள வர முடியாது.

அடிக்கடி வீடு மாத்துற நண்பனை எப்படிப் பிடிப்பீங்க? தெருத் தெருவா தேட மாட்டீங்க. அவன் எங்க இருந்தாலும் வந்து தலை காட்டுற டீக்கடையில சொல்லி வைப்பீங்க. இங்கயும் அதேதான். நாம லேப்டாப்பைத் தேடக் கூடாது. அதுதான் நிலையான ஒரு இடத்துக்கு வந்து தகவல் சொல்லணும்.

அந்த டீக்கடை, நிலையான ஐபி உள்ள ஒரு சின்ன வாடகை சர்வர். அதுல வயர்கார்ட் போடுங்க. 2020-லேர்ந்து லினக்ஸ் கெர்னல்லயே இருக்கு. வயர்கார்ட் ஆளை அடையாளம் பார்க்குறது ஐபியை வெச்சு இல்ல, சாவியை வெச்சு. லேப்டாப் எந்த நெட்லேர்ந்து பேசினாலும், சாவி சரியா இருந்தா சர்வர் புது முகவரியைத் தானா குறிச்சுக்கும். அதனால சர்வர் பக்கம் லேப்டாப்புக்கு எண்ட்பாயின்ட் எழுதவே வேண்டாம். லேப்டாப் பக்கம் மட்டும் சர்வரோட முகவரியை எழுதி, பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25-ன்னு வைங்க. 25 நொடிக்கு ஒருதரம் "நான் இங்கதான்"னு சொல்லிக்கிட்டே இருக்கும், வழி மூடாது. நீங்க லாகின் பண்ணப் போற இன்னொரு கம்ப்யூட்டரையும் இதே சர்வர்ல சேருங்க. சர்வர்ல ஐபி ஃபார்வர்டிங்கை ஆன் பண்ண மறக்காதீங்க.

இப்போ லேப்டாப்புக்கு மாறாத ஒரு உள் முகவரி கிடைச்சாச்சு. எஸ்எஸ்எச் அதுக்குத்தான். ஃபயர்வால்ல 22-ஆம் போர்ட்டை வயர்கார்ட் பக்கம் மட்டும் திறந்து வைங்க. கஃபே வைஃபையில பக்கத்து டேபிள்காரர் கதவைத் தட்டக்கூட முடியாது.

அடுத்தது பாஸ்வேர்டு. 1995-ல ஃபின்லாந்துல டாட்டு யலோனென் எஸ்எஸ்எச் எழுதினதே, அவரோட பல்கலைக்கழக நெட்வொர்க்ல யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினதாலதான். எஸ்எஸ்எச் அதை மறைச்சு அனுப்பும், ஆனா ஈஸியான பாஸ்வேர்டை யாராவது ஊகிச்சா காப்பாத்தாது. அதனால ஈடி25519 சாவி உருவாக்கி, அதுக்கு ஒரு பாஸ்ஃப்ரேஸ் போட்டு, பாஸ்வேர்டு லாகினை நிறுத்திடுங்க. நிறுத்துறதுக்கு முன்னாடி இன்னொரு டெர்மினல்ல சாவி வேலை செய்யுதான்னு பாருங்க. இல்லன்னா நீங்களே வெளிய நிக்கணும்!

லேப்டாப் தொலைஞ்சா? சர்வர்லேர்ந்து அதோட சாவியை நீக்குங்க, அவ்ளோதான். லேப்டாப்பை மூடினா தூங்கிடும், அந்த செட்டிங்கையும் மாத்துங்க.

கடைசியா ஒரு டெஸ்ட். லாகின் பண்ணி வெச்சுட்டு, லேப்டாப்பை வைஃபைலேர்ந்து ஹாட்ஸ்பாட்டுக்கு மாத்துங்க. சில நொடி நின்னுட்டு செஷன் அப்படியே தொடரணும். இதை மழைக்கு முன்னாடியே பண்ணிடுங்க. நான் புயலன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!