'கவுன்சலிங் போ' என்று சொன்னால் போதுமா? தென்காசி, குற்றாலம் கல்லூரி ஆசிரியர்கள் கவனத்துக்கு...

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம் ரோட்டில் பஸ் நகராது. "சீசன் கூட்டம் மேடம், பஸ் லேட்டு" என்று ஒரு மாணவி சொன்னால் எந்தப் பேராசிரியையும் நம்பிவிடுவார். ஆனால், சீசன் முடிந்து அக்டோபரிலும் அதே பதில் வந்தால்? முன்வரிசையில் இருந்தவள் கடைசி பெஞ்சுக்குப் போய், டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனால்?

இதை முதலில் கவனிப்பவர் மனநல மருத்துவர் அல்ல. கிளாஸ் இன்சார்ஜ், ஹாஸ்டல் வார்டன், ஆபீஸில் ஃபீஸ் வாங்குபவர், கேன்டீன் அக்கா... இவர்களில் ஒருவர்தான்.

2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்ற மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல்களை வகுத்தது. 100 மாணவர்கள் அல்லது அதற்கு மேல் இருந்தால், தகுதியான மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனம் என்றால் வெளியே உள்ள நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஆசிரியர், அலுவலர் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி கட்டாயம். ஆக, கேன்டீன் அக்காவுக்கும் இதில் பங்கு உண்டு.

சரி, கவனித்தாயிற்று. அடுத்து என்ன?

ஸ்டாஃப் ரூமில் பத்து பேர் முன்னால், "ஏன் இப்படி இருக்கே? கவுன்சலிங் போ" என்று சொல்வதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கேட்கும் பெண்ணின் காதில் அது தண்டனையாகத்தான் விழும். தனியாக அழைத்து, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லலாம். "ரெண்டு வாரமா நீ சரியா சாப்பிடலைம்மா. இன்டர்னல் டெஸ்ட்டும் எழுதலை. என்னாச்சு?" பதில் உடனே வராது. காத்திருக்க வேண்டும். அறிவுரை சொல்ல வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்வது நல்லது. 'இதெல்லாம் ஒரு கஷ்டமா?' என்ற வார்த்தை மட்டும் வரவே கூடாது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம்" என்பாள். அங்கே பொய் வாக்குறுதி கூடாது. "உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உதவி செய்றவங்ககிட்ட சொல்வேன். மத்தபடி யாருக்கும் தெரியாது" என்பதே நேர்மையான பதில். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதாலேயே அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம் தேவையில்லை என்கிறார்கள் மனநல நிபுணர்கள்.

பெரும்பாலான ஆசிரியர்கள் தடுமாறுவது அடுத்த கட்டத்தில்தான். உடனே வீட்டுக்கு போன் போட்டுவிடுகிறார்கள். தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் அம்மா பீடி சுற்றி ஃபீஸ் கட்டும் வீடுகள் எத்தனையோ. அந்த வீட்டின் முதல் பட்டதாரி இந்தப் பெண்ணாக இருக்கலாம். 'உங்க பொண்ணுக்கு மனசு சரியில்லை' என்று ஒரு போன் போனால், படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு இருக்கும். அது வெற்றுப் பயமும் அல்ல. உயிருக்கு ஆபத்து இல்லாதபோது வீட்டில் எப்போது, யார், எப்படிச் சொல்வது என்பதை அவளோடு பேசியே முடிவு செய்யலாம். சிகிச்சைக்கு வருபவரின் விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் தருகிறது.

'குற்றாலத்துல நாலு நாள் தலையைக் காட்டினா சித்தம் தெளிஞ்சிடும்' என்ற பேச்சு தென் மாவட்டங்களில் இன்னும் உண்டு. அருவியில் குளித்தால் மனசு லேசாகும்தான், யார் மறுப்பது? ஆனால், மாதக்கணக்கில் தூக்கம் வராதவளுக்கு ஐந்தருவி மருந்தாகாது.

கல்லூரியில் ஆலோசகர் இருந்தால், 'போய்ப் பார்' என்று சொல்வதைவிட அவர் அறை வரை கூடவே நடந்துபோவது பலன் தரும். அவர் பெயரைச் சொல்லி, "நானும் வாசல் வரைக்கும் வர்றேன்" என்றால் பாதி தயக்கம் போய்விடும். அங்கே எழுதிக் கொடுக்கும் குறிப்பிலும் பார்த்தது மட்டும் இருந்தால் போதும். 'டிப்ரெஷன்' என்று முத்திரை குத்துவது ஆசிரியர் வேலை அல்ல. ஆலோசகர் இல்லாத கல்லூரி என்றால், தென்காசி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. கூடுதல் சிகிச்சை தேவைப்பட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் போய்வரவே அரை நாள் ஆகும் என்பதால், அன்றைய அட்டெண்டன்ஸுக்கு கல்லூரி ஒரு வழி செய்து கொடுத்தால் நல்லது. சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால், 75 சதவிகிதக் கணக்கைப் பார்த்தே பாதியில் சிகிச்சையை விடுகிறவர்கள் இருப்பார்கள்.

உடனடி ஆபத்து தெரிந்தால் இந்த வரிசையெல்லாம் கிடையாது. அவளைத் தனியாக விடாமல் உடன் ஒருவர் இருக்க, முதல்வருக்கும் பெற்றோருக்கும் சொல்லி, 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து வராண்டாவில் அவளைப் பார்க்கும்போது, "கவுன்சலர் என்ன சொன்னாங்க?" என்று கேட்க வேண்டாம். "இன்னைக்கு சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கலாம்.

மனநல ஆலோசனைக்கு: டெலி மனஸ் 14416 (24 மணி நேரமும், தமிழில், இலவசம்), தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104.